அக்கரை

வண்ணார்பேட்டையில் நின்று கேட்டால்
ஜங்ஷன் அக்கரை.
ஜங்ஷனில் இறங்கிக் கேட்டால்
வண்ணார்பேட்டை அக்கரை.
நடுப்பாலத்தில் பஸ் நின்றுபோன ஒரு சாயங்காலம்
எனக்கு இரண்டுமே அக்கரை.

இது தெரிந்திருந்தும்
ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில்
‘பழையவை’ ஃபோல்டருக்குப் போ என்று மட்டும் எழுதினேன்.
எங்கிருந்து என்று எழுதவில்லை.
அடுத்த வரி:
இங்கே கிடக்கும் படங்களையெல்லாம் அழி.

கையால் ஓட்டியபோதெல்லாம் ஒழுங்காக ஓடியது.
ஒவ்வொரு தடவையும்
நான் அதன் வாசலிலேயே நின்றிருந்தேன்.

பிறகு ராத்திரி வேலையாக க்ரானிடம் ஒப்படைத்தேன்.
அது இரண்டே காலுக்கு எழுந்து
தன் வீட்டு ஃபோல்டரில் கால் ஊன்றி
அங்கிருந்து நடக்கும்.
அப்படி ஒரு இடம் இல்லை என்று
சொல்லத்தான் செய்தது,
யாரும் திறக்காத ஒரு மடலில்.
சொல்லிவிட்டு நிற்கவில்லை.
வயலுக்கு வழி தெரியாத கூலியாள்
நடுத்தெருவில் மண்வெட்டியைப் போட்டதுபோல
நின்ற இடத்திலேயே வேலையைத் தொடங்கிற்று.
அன்றன்றைக்கு எடுக்கும் ஸ்கேன்
அந்த வீட்டு ஃபோல்டரில்தான் வந்து விழும்.
இருநூற்றுப் பதினான்கு படம்:
நெஞ்சு, முட்டி, முதுகெலும்பு.

காலையில் மன்சூர் கூப்பிட்டான்.
“எக்கா, டப்பா காலியாக் கெடக்கு.”

மெஷினின் சொந்த நினைவில்
இரண்டு நாள் படம் தங்கும்.
பெயர் பெயராக இழுத்து வர
இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினேன், அவசரத்தில்,
மேற்கோள்குறி போடாமல்.
மன்சூர் எல்லாப் பெயரையும் சேர்த்தே தட்டுகிறவன்.
டீ வந்த நேரமோ என்னவோ,
ஒரே ஒருவருக்கு நடுவில் இடம் விட்டிருந்தான்.
பேச்சி முத்து.

ஷெல் அவரை இரண்டு ஆளாக்கியது.
பேச்சி என்று ஒருவரைத் தேடியது, இல்லை.
முத்து என்று ஒருவரைத் தேடியது, இல்லை.
இல்லாத இருவருக்கு நடுவே
இருந்த ஒருவர்
களக்காட்டில் வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்,
இடது நுரையீரலில் என்ன நிழல் என்று தெரியாமல்.

ஒன்று குறைகிறது என்று நான் எண்ணி முடித்தது
மூன்றாம் நாள்.
மெஷின் மறந்திருந்தது.

போன் போட்டேன்.
என் தப்பு என்று சொல்ல வாயெடுத்து
சிஸ்டம் கோளாறு என்றேன்.

முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.
சட்டையைக் கழற்றி நாலாக மடித்து
எங்கே வைக்க என்று கேட்டார்.
“மூச்சைப் பிடிக்கணும், அவ்ளோதான தாயி?”
மன்சூர் விடுங்க என்ற பிறகும்
ஒரு நொடி கூடப் பிடித்திருந்தார்,
இந்தத் தடவை வேலை சுத்தமாக இருக்கட்டும் என்பதுபோல.
டாக்டரம்மா படத்தைப் பார்த்தார்.
நான் ஃபைலின் பெயரைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து
பாதையை வேரிலிருந்து எழுதினேன்.

/பொதிகை/பாபநாசம்/சேரன்மகாதேவி/குறுக்குத்துறை

என்று ஒரு படித்துறையைச் சொன்னால்
நீ எந்தக் கரையில் நிற்கிறாய் என்று
எவரும் கேட்கப்போவதில்லை. அந்த மாதிரி.
பிறகு இது:

cd "$idam" || exit 1

போக முடியாவிட்டால் நின்றுவிடு,
எதையும் தொடாதே.
இரண்டு பக்கமும் மேற்கோள்குறி,
பேச்சியும் முத்துவும் பிரியாமல் இருக்க.

பத்தரை மணிக்கு ஸ்கூட்டியில் பாலம் ஏறும்போது உறைத்தது.
அந்த இடத்தின் பெயரே வெறுமையாக இருந்தால்?
வெறுமைக்குப் போ என்றால் ஷெல்
நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு
போய்ச் சேர்ந்தாயிற்று என்று சொல்லும்,
சிஸ்டம் கோளாறு என்று நான் சொன்ன
அதே குரலில்.

நடுப்பாலத்தில் வண்டியைத் திருப்பினேன்.
இரண்டே காலுக்கு
இன்னும் நேரம் கிடந்தது.